சவுந்தரத்தின் முப்பத்திரண்டாவது நோயாளி

அருப்புக்கோட்டையில் யாருக்காவது வாய் கோணி ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டால், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்திய மறுநாளே சவுந்தரத்தைத் தேடி ஆள் வந்துவிடும். டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பார். அந்த மருந்து வேலை செய்கிறவரை ஆளைப் புண் வராமல் புரட்டிப் போட்டு, ஊட்டி, துடைத்து, அதட்டி, எழுப்பி உட்கார வைப்பது யார்? அதற்குத்தான் சவுந்தரம். நர்ஸ் படிப்பு எதுவும் கிடையாது. இருபத்திரண்டு வருஷத்தில் முப்பத்தொரு பேரைப் பார்த்திருக்கிறாள். பெயர் மறந்துபோகும், விழுந்த பக்கம் மறக்காது. 'வலதுகை ரெட்டியபட்டி', 'இடதுகை மல்லாங்கிணறு வாத்தியார்' என்றுதான் சொல்லுவாள்.

தொழிலைக் கற்றுக்கொண்டது கட்டின புருஷனிடம். லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த சாலமோன் நாற்பத்து நாலாவது வயதில் பருத்தி மூட்டைமேல் சாய்ந்தவர், எழுந்திருக்கவில்லை. எல்லாரும் கையை விரித்தபோது சவுந்தரம் அவரைத் திட்டித் திட்டியே எழுப்பினாள். பதினாலாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் சபைக்குள் நடந்து வந்ததைப் பார்த்து பாஸ்டர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். அதன்பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். கடைசியில் காய்ச்சல் கண்டபோதும் ஆஸ்பத்திரிப் படியைத் தானே ஏறிப் போய்த்தான் கண்ணை மூடினார் என்று சொல்லும்போது, துக்கத்தோடு கொஞ்சம் பெருமையும் அவள் குரலில் இருக்கும். இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த பெருமைதானே.

அவளிடம் ஒரு சோதனை உண்டு. மூன்றாம் நாள் நோயாளியின் முகத்துக்கு நேரே குனிந்து, "கையத் தூக்கு" என்பாள். கை எழும்பாது, அது அவளுக்கும் தெரியும். அவள் பார்ப்பது கண்ணை. சொன்னவுடன் கண் அந்தக் கையைத் தேடிப் போனால், "ஆளு உள்ள இருக்கு, விடாதீக" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கிவிடுவாள். கண் சும்மா இருந்தால் இன்னும் பத்து நாள் பொறுத்துப் பார்ப்பாள். பிறகு வீட்டாரைத் தனியே கூப்பிட்டு, "ஆளு உள்ள இல்ல. போட்டுச் சிரமப்படுத்தாதீக" என்று சொல்லிவிடுவாள். அப்படி நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். நாலு பேருமே தேறவில்லை. அதனால் சவுந்தரம் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரில் ஒரு பேச்சு.

முப்பத்திரண்டாவது நோயாளி ஒரு சனிக்கிழமை காலை ஆட்டோவில் வந்து இறங்கியது.

கூட வந்தவர் சௌடையா. நெசவாளர் தெருவில் வீட்டோடு நாலு விசைத்தறி போட்டு ஓட்டுகிறவர். வீட்டுக்குள் கன்னடமும் வெளியே தமிழுமாக நாலு தலைமுறையாக இந்த ஊரில் இருக்கிற குடும்பம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அம்மா சௌடம்மாள் படுக்கையில் விழுந்தபோது ஏழு மாதம் பார்த்துக்கொண்டவள் சவுந்தரம்தான். அவள் 'ஆளு உள்ள இல்ல' என்று சொன்ன நாலு பேரில் அந்த அம்மாளும் ஒருவர். அதற்காக அந்தக் குடும்பம் அவள்மேல் வருத்தப்பட்டதில்லை. அன்றிலிருந்து அவள் சௌடையாவுக்கு அக்கா.

"யாருக்குத் தம்பி?" என்று ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள் சவுந்தரம்.

"நம்ம ஜமீனுக்குத்தாங்க்கா" என்றார் சௌடையா. போர்வையை விலக்கினார். செவலை நிறத்தில் ஒரு கிழட்டு நாய். மூஞ்சியெல்லாம் நரைத்துப் போயிருந்தது. தலை ஒரு பக்கமாகக் கோணி, இரண்டு கண்ணும் இடமும் வலமுமாக ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன. வலது பக்கத்துக் கால் இரண்டும் துவண்டு கிடந்தன. பதிமூன்று வயது. தட்டில் போட்டு முன்னால் வைத்தாலொழிய சாப்பிடாது, மழைக்குக்கூட வேகமாக நடக்காது என்பதால் குட்டியிலேயே வந்த பெயர் ஜமீன்.

"நாயா?" என்றாள் சவுந்தரம். "மனுசரப் பாத்த கையால நாய்க்குப் பீ மூத்திரம் அள்ளச் சொல்றீகளா?"

"தறிச் சத்தத்துல துடிச்சுப் போகுதுக்கா. அமைதியான எடத்துல வச்சிருக்கணும்னு டாக்டரம்மா சொல்றாக. தறிய நிறுத்துனா பொழப்பு நின்னுரும். எனக்கு ஒங்க வீட்ட விட்டா வேற எடம் நெனப்புக்கு வரல."

சவுந்தரம் இன்னும் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பாள். அதற்குள் நாயின் நாக்கு கண்ணில் பட்டுவிட்டது. ஒரு ஓரமாகத் தொங்கி, காய்ந்து, வெடித்துப்போயிருந்தது.

"நாக்கு காய்ஞ்சு கெடக்கே, இம்புட்டு நேரமா தண்ணி காட்டாம என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தீக?" என்று அவரைத் திட்டிக்கொண்டே உள்ளே போய் ஈரத்துணியோடு வந்தாள். அப்புறம் என்ன, நாய் இறங்கியது, ஆட்டோ போய்விட்டது.

மத்தியானம் கால்நடை டாக்டர் ரோஷினி ஸ்கூட்டரில் வந்து பார்த்தாள். சின்ன வயசு, ஆனால் வார்த்தையை மென்று முழுங்காமல் பேசுகிறவள். "மனுசங்களுக்கு வர்ற மாதிரியே மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கும்மா. நெறைய நாய் இதுலேர்ந்து தேறிடும். ஆனா இதுக்கு வயசு ஜாஸ்தி. பதினஞ்சு நாள் பாப்போம். கூப்பிட்டா புரிஞ்சு அசையணும், தானா கால ஊனி நிக்கணும். ரெண்டும் இல்லன்னா கெடந்த எடத்துலயே புண்ணு வச்சு வலியிலதான் சாகும். அப்படி விடறதுக்கு ஒரு ஊசியில தூங்க வச்சுரலாம்."

"ஊசிய அப்பறம் பாப்போம். எத்தனை மணிக்கு ஒருக்கப் பொரட்டணும், அதச் சொல்லுங்க" என்றாள் சவுந்தரம்.

இரண்டு மணிக்கு ஒருமுறை என்று டாக்டர் சொன்னாள். சவுந்தரத்துக்குத் தெரிந்த கணக்குதான். வேப்பமரத்தடியில் தரையை நனைத்துவிட்டு, சாக்கை நாலாக மடித்து, அதன்மேல் பழைய மெத்தையைப் போட்டு ஜமீனைப் படுக்க வைத்தாள். வலது காலை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, காலையில் இருபது, சாயங்காலம் இருபது. கேப்பைக் கஞ்சியை ஆற்றி, தலையைத் தொடையில் தூக்கி வைத்து, நல்ல பக்கத்துக் கடைவாயில் கரண்டியால் ஊற்றினாள். அடிவயிற்றை அமுக்கி மூத்திரம் எடுக்க டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி எடுத்தாள். முதல்நாள் அது அவள் சேலையிலேயே போனது. "எட்டுத் தலைமுறை ஜமீன் கூட இப்படி அதிகாரம் பண்ணிருக்க மாட்டான்லே" என்று அதனிடமே முறையிட்டாள்.

கோவில்பட்டியிலிருந்து மகள் இவாஞ்சலின் போனில், "நாய்க்குப் போயி ஆயா வேலையா? நாலு பேரு என்னம்மா சொல்லுவாக?" என்று கேட்டாள். "நாலு பேரும் விழுந்தா என்னையத்தான் கூப்புடுவாக. அப்பச் சொல்லச் சொல்லு" என்று வைத்துவிட்டாள் சவுந்தரம்.

ஐந்தாம் நாள் கண் ஆட்டம் நின்றது. ஏழாம் நாள் கரண்டி இல்லாமல் கஞ்சியை நக்கியது. ஒன்பதாம் நாள் தலைக்கோணல் பாதி சரியானது. சவுந்தரத்துக்கு உள்ளூர ஆசை வந்துவிட்டது. துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்து இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி, "எந்திரி, எந்திரி, கால ஊனு" என்று சொல்லிப் பார்த்தாள். நாய் நனைந்த கோணிப்பையாகத் துண்டில் தொங்கியது. விழுந்த வலது பக்கம் கிடக்கட்டும், நல்ல இடது பக்கத்துக் காலைக்கூட ஊன்றவில்லை. அதுதான் அவளை உறுத்தியது. பக்கவாதக்காரர்கள் முதலில் நல்ல காலையாவது உதைத்துப் பார்ப்பார்கள்.

முகத்துக்கு நேரே குனிந்து, "ஜமீன், இங்க வா" என்றாள். நாய் அவளைப் பார்த்தது. பார்த்தது என்பதைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. சத்தமாகச் சொன்னாள், மெதுவாகச் சொன்னாள், பிஸ்கட்டைக் காட்டிச் சொன்னாள். பிஸ்கட்டை மட்டும் வாங்கித் தின்றது.

சௌடையா தினமும் சாயங்காலம் தறியை மாற்று ஆளிடம் விட்டுவிட்டு வருவார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சவுந்தரம் கொடுக்கிற காப்பியைக் குடித்துக்கொண்டே, "என்னடா ஜமீன், சாப்ட்டியா? எந்திரிச்சு வாடா" என்பார். அவர் வாசம் பட்டதும் வால் ஒரு தரம் தரையில் தட்டும். அவ்வளவுதான். சொன்னதற்கு அசைவில்லை. வளர்த்தவர் குரலுக்கே இப்படி என்றால் வேறு என்ன சொல்ல?

பதினோராம் நாள் சவுந்தரம் அவரை மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினாள். "தம்பி, மனசத் தேத்திக்கோங்க. ஆளு உள்ள இல்ல. ஒடம்பு தேறுது, புத்தி வரல. டாக்டரம்மா சொன்ன மாதிரி பண்ணிருவோம்."

சவுந்தரத்தக்கா சொன்னதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? சௌடையா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சனிக்கிழமை காலை வரச்சொல்லி டாக்டருக்கு அங்கிருந்தே போன் பண்ணினார். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. கண்ணால் பார்க்க முடியவில்லை என்று ஆட்டோக்கார நல்லகண்ணுவிடம் சொல்லியனுப்பினார்.

வியாழக்கிழமை காலை, சவுந்தரம் கொல்லையில் நாயின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். வாசல் பக்கம் யாரோ வந்த சத்தம். கையை உதறிக்கொண்டு வந்தவள், சன்னல் வழியாகப் பார்த்து அப்படியே நின்றாள்.

சௌடையாவின் மனைவி வேணி மரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். நாயின் முகத்தோடு முகம் வைத்து, அழுதுகொண்டே கன்னடத்தில் என்னென்னவோ கொட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. "ஏளு ஜமீன், ஏளு. பா."

ஜமீன் காதை நிமிர்த்தியது. தலையைத் தூக்கியது. இடது முன்னங்காலைத் தரையில் ஊன்றி, நெஞ்சை மெத்தையிலிருந்து ஒரு சாண் எழுப்பியது. வலது பக்கம் தாங்காமல் சரிந்தது. சரிந்த மாத்திரத்தில் மறுபடியும் ஊன்றியது.

சவுந்தரம் வாசலுக்கு ஓடி வந்தாள். அவளைப் பார்த்ததும் வேணி சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அக்கா, நீங்க இல்லன்னு நெனைச்சேன்" என்றவள், நாயின் பக்கம் திரும்பி நல்ல தமிழில், "படு ஜமீன், அக்கா வந்துட்டாக பாரு" என்றாள். அது தலையைச் சாய்த்துச் சும்மா கிடந்தது.

"இப்பச் சொன்னியே, அத இன்னொரு தரம் சொல்லு."

"என்னக்கா?"

"அதான், ஒங்க பாஷையில சொன்னியே. சொல்லு தாயி."

வேணிக்குக் கூச்சம் தாங்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே, "ஏளு" என்றாள். முன்னங்கால் ஊன்றியது. "பா" என்றாள். கழுத்து அவள் பக்கம் நீண்டது.

"ஏளுன்னா எந்திரி. பான்னா வா. வீட்டுல அதுகிட்ட அப்படித்தாங்க்கா பேசுவோம்" என்று வேணி ஏதோ தப்புச் செய்தவளாகச் சொன்னாள்.

நாயிடம் என்ன பாஷையில் பேசுகிறோம் என்று யாராவது யோசித்துப் பார்ப்பார்களா? சௌடையாவும் யோசிக்கவில்லை. அடுத்தவர் வீட்டு வாசலை மிதித்தால் தமிழ் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவு பழக்கம். எந்நேரமும் தறி ஓடுகிற வீட்டின் கொல்லையிலேயே வளர்ந்து கிழடான ஜமீனுக்கோ வீட்டுப் பேச்சுதான் பேச்சு. தெருவில் யார் என்ன கத்தினாலும் அது சட்டை பண்ணியதே இல்லை.

சவுந்தரத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பதிமூன்று நாளாக ஒரு நாயிடம் தொண்டைத் தண்ணி வற்றத் தமிழ் பேசியிருக்கிறோமே என்று. அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. மெத்தை ஓரத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"வேணி, ஒண்ணு கேக்குறேன், மறைக்காமச் சொல்லு. ஒங்க மாமியாரு படுத்துக் கெடந்தாகளே, அப்ப நான் அந்த ரூம்புல இருக்கையில நீங்க எல்லாரும் அவுககிட்டத் தமிழ்லதான பேசுவீக?"

"ஆமாக்கா. நீங்க இருக்கீகல்ல. ஒங்கள வச்சுக்கிட்டு எங்க பாஷையில பேசுனா, ஒங்களப் பத்தி என்னமோ பேசுறோம்னு நெனைச்சிரக்கூடாதுல்ல. அத்தைதான் எங்களுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்துருக்காக."

"நான் வீட்டுக்குப் போன பொறகு?"

வேணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "போன பொறகு எங்க பாஷையில ஒண்ணு ரெண்டு வார்த்தை பேசுவாக. கொழறும், ஆனா வெளங்கும். தண்ணி கேப்பாக. அந்தப் பொண்ணு நாளைக்கு வருமான்னு கேப்பாக."

"இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க ஆளு உள்ள இல்லன்னுட்டீக. அத்தனை பாடுபட்டுப் பாக்குறீக, ஒங்க வார்த்தைக்கு எதுத்துச் சொன்ன மாதிரி ஆயிரும்னு எங்க வீட்டுக்காரருதான் வேண்டாம்னாரு. மரியாதையா இருக்காதுன்னு."

மரியாதை! ஆரம்பத்தில் நாள் தவறாமல் அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே நின்று 'கையத் தூக்குங்க, கையத் தூக்குங்க' என்று கத்தியது சவுந்தரத்துக்கு நினைவு வந்தது. மூளையில் அடி விழுந்த பிறகு, அந்த அம்மாளுக்குப் பிற்பாடு கற்றுக்கொண்ட தமிழ் போய்த் தாய்ப்பேச்சு மட்டும் தங்கியிருக்கிறது. இவள் ஆள் இல்லை என்று சொன்னாள். சொன்ன நாளிலிருந்து கை காலை அசைத்துவிடுவதையும் எழுப்பி உட்கார வைப்பதையும் குறைத்துக்கொண்டாள். தேறாத ஆளைப் பார்த்து அப்படிச் சொன்னாளா, அப்படிச் சொன்னதால்தான் ஆள் தேறவில்லையா? அந்த நாலு பேரில் ரெட்டியபட்டிக்காரர் வீட்டில் தெலுங்கு. அதையும் அப்போதுதான் நினைத்தாள்.

வேணி போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. அழுதாள். நன்றாகவே அழுதாள். பெருமைக்காரியின் அழுகை கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு ஆவுடைத்தாய் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, நாய் செத்துவிட்டதோ என்று பயந்து போனாள்.

"சாகல. சாகவும் விட மாட்டேன்" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள் சவுந்தரம்.

மிச்சம் இருந்தது இரண்டே நாள். ஊசி வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்கலாம். சொன்னாள். டாக்டரோ, "புரியுதுன்னா சந்தோஷம்மா. ஆனா நிக்கணும். இடுப்புல ஏற்கெனவே தோல் செவந்திருக்கு. நிக்கலன்னா புரிஞ்சும் பிரயோசனமில்ல, வலிதான் மிச்சம். சனிக்கிழமை வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றாள். அதில் தப்புச் சொல்ல முடியாது.

சவுந்தரம் துண்டைக் கட்டித் தூக்கி, 'ஏளு' சொல்லிப் பார்த்தாள். ஜமீன் அவளைச் சந்தேகமாகப் பார்த்து, மனம் இரங்கி ஒரு கால் ஊன்றியது. வேணி வெள்ளிக்கிழமை காலையும் மாலையும் வந்து கூப்பிட்டாள். அவளுக்கு முன்னங்கால் இரண்டும் ஊன்றியது, பின்பக்கம் எழவில்லை. "குட்டியிலேர்ந்து சோறு வச்சவரு அவருதாங்க்கா. அவரு கூப்பிட்டா எந்திரிக்கும். வீட்டுல போய்ச் சொன்னேன், நம்ப மாட்டேங்குறாரு. நீ ஆசையில சொல்ற, அக்கா சொன்னா தப்பாதுங்குறாரு" என்றாள் வேணி. தன் பேருக்கு இருக்கிற மதிப்பை நினைத்து சவுந்தரம் முதன்முதலாகத் தலையில் அடித்துக்கொண்டாள். அவளே இரண்டு தரம் போன் போட்டுப் பார்த்தாள், தறிச் சத்தத்தில் அவர் எடுக்கவே இல்லை.

சனிக்கிழமை எட்டரை மணிக்கெல்லாம் வெயில் கரிசல்காட்டில் வெளுத்துக் கட்டியது. சௌடையா வேணியோடு நல்லகண்ணுவின் ஆட்டோவில் வந்து இறங்கினார். ஆட்டோவின் பின்னால் ஒரு மண்வெட்டியும், புது வெள்ளைத் துணியும், மஞ்சள் பையில் கொஞ்சம் பூவும் இருந்தன. மண்வெட்டியைப் பார்த்ததும் சவுந்தரத்துக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"குழி தோண்டத்தான் வந்தீகளா?"

"அக்கா, நீங்கதான..."

"நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். ஒங்கம்மாவுக்கும் தப்பாத்தான் சொன்னேன். இப்ப வாயத் தொறந்து அதக் கூப்புடுங்க."

டாக்டர் ரோஷினி பெட்டியோடு நின்றாள். நல்லகண்ணு ஆட்டோவை விட்டு இறங்கி வந்தான். ஆவுடைத்தாய் வீட்டிலிருந்து நாலைந்து பேர் சுவரோரம் வந்து நின்றார்கள். இத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்த சௌடையா, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, மரியாதைப்பட்ட மனிதராக, "ஜமீன், எந்திரிச்சு வா ராஜா" என்றார்.

ஜமீன் வாலைத் தட்டியது. எழவில்லை. டாக்டர் மெதுவாகப் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"தமிழ் வேண்டாம் தம்பி. ஒங்க வீட்டுப் பேச்சுல கூப்புடுங்க."

"இத்தனை பேரு நிக்கிறாகளேக்கா, வெளியாளுகள வச்சுக்கிட்டு..."

"ஒங்க மரியாதையத் தூக்கி ஒடப்புல போடுங்க!" சவுந்தரம் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கை பறந்தது. "அந்த மரியாதையில ஒரு உசுரு போனது போதும்யா. கூப்புடுங்க."

சௌடையா மண்ணில் மண்டிபோட்டு, இரண்டு கையையும் நீட்டி, ஐம்பத்தாறு வருஷமாக வாசலுக்கு வெளியே கொண்டுவராத குரலில், "ஏளோ ஜமீன்! ஏளு! பா, பா, பா!" என்று கத்தினார்.

நாய் முன்னங்கால் இரண்டையும் ஊன்றியது. உடம்பு நடுங்கியது. பின்னங்கால் ஒருமுறை உதைத்து வழுக்கியது. சவுந்தரம் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, போடவும் முடியாமல் பிடிக்கவும் முடியாமல் பல்லைக் கடித்தாள். "பா" என்றார் சௌடையா மறுபடி. குரல் உடைந்துவிட்டது. ஜமீன் இடது பின்னங்காலை உள்ளே இழுத்து, அழுத்தி, ஒரே தம்மில் எழுந்து நின்றது. நாலு காலில் நின்றது. கோணல் தலையோடு ஒரு எட்டு வைத்தது. வலது கால் மடங்கி மூஞ்சி மண்ணில் இடித்தது. யாரும் தூக்கப் போவதற்கு முன்னால் தானே எழுந்து, நண்டு நடையாக இன்னும் மூன்று எட்டு வைத்து, அவருடைய மடியில் போய்ப் பொத்தென்று விழுந்தது.

டாக்டர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "நல்லா நடக்க இன்னும் ரெண்டு மாசமாகும். தலைக்கோணல் கொஞ்சம் அப்படியே நின்னுரலாம். பரவால்ல, பொழைச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். மண்வெட்டியை நல்லகண்ணு யார் கண்ணிலும் படாமல் சீட்டுக்கடியில் தள்ளினான்.

சௌடையாவும் வேணியும் மண்ணில் உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள், பேசினார்கள். அத்தனையும் கன்னடம். ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு, மடை திறந்த மாதிரி வந்தது. யார் நிற்கிறார்கள் என்ற நினைப்பே அவர்களுக்கு இல்லை. சவுந்தரம் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் நின்றாள். ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. நடுவில் 'அம்மா' என்று மட்டும் கேட்டது. தாயாரைப் பற்றித்தான் பேசுகிறார்கள் போலும்.

அவள் நிற்பதைச் சௌடையா பார்த்துவிட்டார். பதறிப்போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு தமிழுக்கு மாறினார். "தப்பா நெனைச்சுக்கிராதீகக்கா. ஒங்கள வச்சுக்கிட்டு நாங்க பாட்டுக்கு..."

"பேசுங்க தம்பி" என்றாள் சவுந்தரம். அவர்கள் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். ஜமீனின் தலையை இழுத்துத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டாள். "நான் என்ன வெளியாளா? நீங்க ஒங்க பாட்டுக்குப் பேசுங்க. அம்மாவப் பத்திப் பேசுங்க. எனக்கு வெளங்காட்டியும் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

வேணி மெதுவாக, கன்னடத்திலேயே ஆரம்பித்தாள். சவுந்தரம் கரண்டியில் கஞ்சியை எடுத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.